மாமா திரிபுவாதம் என்கிறார், மேற்பார்வையாளர் முதலாளித்துவம் என்கிறார்: நான் எதை எழுதுவது?

அரசியல் விஞ்ஞானத்தைச் சிறப்புப் பாடமாகப் படிக்கும் இறுதியாண்டு மாணவி ஒருவர் அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர் ஒன்றிலிருந்து நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊரையும் பல்கலைக்கழகத்தையும் ஆட்களின் அடையாளத்தையும் நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

ஆய்வேட்டுக்கு அவர் எடுத்த தலைப்பு: ‘சீனப் பண்புகளைக் கொண்ட சோசலிசம் ஒரு தனித்த மார்க்சியக் கருத்தியலா? இலங்கையுடன் ஓர் ஒப்பீடு’. முன்மொழிவைப் பார்த்த மேற்பார்வையாளர், “சீனாவில் இருப்பது செங்கொடி போர்த்திய முதலாளித்துவம். தலைப்பை மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள்” என்று சொல்லியிருக்கிறார். முதற் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரியும் எழுதியிருக்கிறார்: ‘இது கருத்தியலா, கட்சிச் சுலோகமா?’

வீட்டில் தாய்மாமா. அறுபதுகளின் இறுதியில் பீக்கிங் சார்புக் கம்யூனிஸ்ட் கட்சியோடு நின்றவர். 1978 சூறாவளியில் வீட்டுக் கூரை பறந்தபோதும் தகரப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றிய மாவோவின் நூல்களை மருமகளுக்குப் படிக்கக் கொடுத்தவர். மாவோவுக்குப் பின் சீனாவைச் சந்தைப் பொருளாதாரத்தின் பக்கம் திருப்பிய டெங் சியாவோபிங்கின் பெயரைக் கேட்டதும் கொதித்துப்போய், “அது திரிபுவாதம். அதை மார்க்சியம் என்று எழுதுவதென்றால் என்னிடம் புத்தகம் கேட்டு வராதே” என்றுவிட்டார். (மார்க்சியத்தின் அடிப்படையையே திரித்துவிட்டார்கள் என்று திட்டும் சொல் அது.) கூடப் படிக்கும் காத்தான்குடித் தோழியோ, ஒவ்வொரு நாட்டுக்கும் சமூகத்துக்கும் ஒவ்வொரு சோசலிசம் இருந்துவிட்டுப் போகட்டுமே, இதில் சண்டைக்கு என்ன இருக்கிறது என்கிறாராம்.

வாசகி கேட்பவை நான்கு. இவர்களில் யார் சொல்வது சரி? நமது அரசியலமைப்பே இலங்கையைச் ‘சனநாயக சோசலிசக் குடியரசு’ என்பதால், இலங்கைக்கும் ஒரு தேசிய வகைச் சோசலிசம் இருக்கிறது என்று எழுதலாம்தானே? தலைப்பை மாற்றச் சொல்வது கருத்துச் சுதந்திரத்தை மீறுவதல்லவா, வழக்கு வைக்க முடியுமா? இல்லாவிட்டால் பேசாமல் பிரதேச சபைத் தேர்தல் பற்றி எழுதிப் பட்டத்தை வாங்கிக்கொண்டு போய்விடலாமா?

அன்புள்ள வாசகிக்கு,

சட்டத்தொழிலுக்கு வருமுன் சில காலம் அரசியல் விஞ்ஞானம் கற்பித்தவன் என்பதால் உங்கள் கடிதம் இரண்டு பக்கத்தாலும் என்னை இழுத்தது. வழக்குக் கேள்வியைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் சுருக்கம். முதற் கேள்விதான் கனமானது, அதைப் பிழையாகக் கேட்டுக்கொண்டிருக்கும்வரை மேற்பார்வையாளரோடும் மாமாவோடும் உங்களால் பேச முடியாது.

ஒன்றுக்குள் இரண்டு கேள்வி

உங்கள் தலைப்புக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இந்தச் சிந்தனை மார்க்சியத்துக்குள் அடங்குமா என்பது ஒன்று. அடங்கினால், தனியாகப் பெயரிட்டுப் பேசும் அளவுக்கு வேறுபட்டதா என்பது மற்றது. இரண்டுக்கும் ஒரே பதிலைத் தேடியதால்தான் குழம்பியிருக்கிறீர்கள். சில சிந்தனைகள் மிகத் தனித்தவை, ஆனால் மார்க்சியம் அல்ல. சில மார்க்சியமே, ஆனால் தனித்தவை அல்ல. இரண்டும் ஒருங்கே அமைவது அரிது.

நம் பக்கத்துக் கூத்தை நினைத்துப் பாருங்கள். வடமோடி வேறு, தென்மோடி வேறு. தாளக்கட்டும் ஆட்டமும் பாட்டும் உடுப்பும் வேறு. ஆனால் இரண்டும் கூத்துத்தான் என்பதில் கூத்துப் பழக்கும் எந்த அண்ணாவியாருக்கும் சந்தேகமில்லை. பாடசாலை ஆண்டு விழாவில் ஒரு பிள்ளை தலையில் கிரீடம் வைத்துக்கொண்டு வசனம் பேசினால் அது கூத்தாகிவிடாது. மோடி வேறாக இருப்பது ஒன்று, களரிக்குள் இருப்பது வேறொன்று.

‘தனித்த’ என்பதைச் சோதிக்க அளவுகோல் வேண்டும். நான் மூன்றைப் பார்ப்பேன். அந்தச் சிந்தனை எங்கே தொடங்குகிறது: உற்பத்தி உறவிலும் வர்க்கத்திலுமா, அல்லது ‘எங்கள் மக்கள்’, ‘எங்கள் மரபு’ என்பதிலா? தேசியத் தன்மையைப் பாதை என்கிறதா, போய்ச் சேரும் இடமே அதுதான் என்கிறதா? மூன்றாவதே எனக்கு முக்கியமாகப் படுகிறது: வேறொரு நாட்டில் வாழும் ஒருவர் அதை எடுத்துக்கொண்டு தன் ஊரின் பிரச்சினையைச் சிந்திக்க முடியுமா?

இந்தச் சண்டை மார்க்சின் காலத்திலேயே இருந்தது

தேசிய வகைகள் ஸ்டாலினுக்குப் பிறகு வந்த நோய் என்ற தொனி உங்கள் முன்மொழிவில் தெரிகிறது. அப்படியல்ல. 1848இல் வந்த கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கையின் மூன்றாம் பகுதியை மீண்டும் எடுத்துப் படியுங்கள். ஜெர்மானிய ‘உண்மைச் சோசலிசம்’ அங்கே நன்றாக அடிவாங்குகிறது. பிரெஞ்சுக்காரரின் கருத்துகளை ஜெர்மனிக்குக் கொண்டுவந்தார்கள், அந்தக் கருத்துகள் பிறந்த பிரெஞ்சுச் சமூக நிலைமை கூடவே வரவில்லை என்பது குற்றச்சாட்டு.

அதே மார்க்ஸ் 1881 மார்ச்சில் ரஷ்யப் புரட்சியாளர் வேரா சசூலிச்சுக்கு எழுதிய கடிதத்தில் வேறு முகம் காட்டுகிறார். ரஷ்யக் கிராமங்களின் பொது நிலவுடைமை அழிந்து, முதலாளித்துவம் வந்து, அதன் பிறகுதான் சோசலிசம் வர வேண்டுமா என்பது சசூலிச்சின் கேள்வி. அதற்குப் பல வரைவுகளை எழுதி எழுதி ஒதுக்கிவிட்டு, கடைசியில் ஒரு சிறு பதிலை அனுப்பினார் மார்க்ஸ்: தாம் விவரித்த வரலாற்று நியதி மேற்கு ஐரோப்பாவுக்கு மட்டுமே உரியது என்று. மறு ஆண்டு வந்த கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கையின் ரஷ்யப் பதிப்பு முன்னுரையில் மார்க்சும் எங்கெல்சும் ஒரு நிபந்தனையையும் சேர்த்தார்கள். ரஷ்யப் புரட்சி மேற்கின் தொழிலாளர் புரட்சிக்குச் சமிக்ஞையாகி, இரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்தால், அந்தப் பொது நிலவுடைமை கம்யூனிச வளர்ச்சிக்குத் தொடக்கமாகலாம்.

இந்த நிபந்தனைதான் உங்கள் ஆய்வின் அச்சாணி. தனிப்பாதைக்கு மார்க்ஸ் இடம் கொடுத்தார், தனி முடிவிடத்துக்குக் கொடுக்கவில்லை. 1924இன் இறுதியில் ஸ்டாலின் ‘ஒரு நாட்டில் சோசலிசம்’ என்று சொன்னபோது ட்ரொட்ஸ்கி எதிர்த்ததும் இதே இடத்தில் நின்றுதான்.

நாடுகளின் பட்டியலைக் கொஞ்சம் உலுக்கிப் பார்ப்போம்

தன்சானியா. அந்நாட்டு ஜனாதிபதி ஜூலியஸ் நைரேரேயின் உஜாமா (கூட்டுக் குடும்ப வாழ்வை அடிப்படையாக்கிய சோசலிசம்), 1967 அரூஷா பிரகடனத்தோடு அரச கொள்கையானது. ஆப்பிரிக்கச் சோசலிசம் மோதும் வர்க்கங்களிலிருந்து பிறக்கவில்லை, கூட்டுக் குடும்பத்திலிருந்து பிறந்தது என்று நைரேரே வெளிப்படையாகவே சொன்னார். தனித்தது, மார்க்சியம் அல்ல. அவரும் அந்தப் பெயருக்கு ஆசைப்படவில்லை.

வடகொரியா. 1972 அரசியலமைப்பில் ‘ஜூச்சே’ என்ற தற்சார்புக் கொள்கை மார்க்சிய-லெனினியத்தின் ஆக்கபூர்வமான பிரயோகம் என்றிருந்தது. 1992 திருத்தத்தில் மார்க்சிய-லெனினியம் என்ற குறிப்பே எடுக்கப்பட்டுவிட்டது. வீட்டுக்குள் பிறந்து, பிறகு தானே கதவைச் சாத்திக்கொண்டு போன பிள்ளை. இன்று தனித்தது, ஆனால் மார்க்சியம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

யூகோஸ்லாவியாவுக்கு நீங்கள் ஒரு பந்தி மட்டும் ஒதுக்கியிருப்பது எனக்கு ஏமாற்றம். 1948 ஜூன் 28 அன்று சோவியத் தலைமையிலான கட்சிகளின் கூட்டமைப்பான கொமின்போர்மிலிருந்து வெளியேற்றப்பட்ட பிறகு, யூகோஸ்லாவியத் தலைவர்களான டிட்டோவும் கார்டெலும் மார்க்சிடமே திரும்பிப் போய்ச் சோவியத் முறையை விமர்சித்தார்கள். உற்பத்திச் சாதனங்கள் அரசின் கைக்குப் போவதோடு வேலை முடிந்துவிடாது, தொழிலாளரே நிர்வகிக்க வேண்டும் என்றார்கள். 1950இல் தொழிலாளர் சபைகளுக்குச் சட்டமும் வந்தது. தொழிற்சாலைகளில் அது எவ்வளவு தூரம் உண்மையாக நடந்தது என்பது வேறு கதை. ஆனால் சிந்தனையாக எடுத்தால் அது மார்க்சியமும்தான், தனித்ததும்தான். சுயநிர்வாகம் என்ற கருத்தை யூகோஸ்லாவியாவுக்கு வெளியேயும் இடதுசாரிகள் எடுத்துப் பேசினார்கள். அந்த நாடே இன்று இல்லை, கருத்து இருக்கிறது.

உங்கள் தோழியின் கருத்தைச் சிரித்துத் தள்ளிவிடாதீர்கள். போல்ஷெவிக் கட்சிக்குள்ளேயே மிர்சைத் சுல்தான்-காலியேவ் என்ற தாத்தார் முஸ்லிம் தலைவர் இருந்தார். சார் பேரரசு நசுக்கிய முஸ்லிம் மக்களின் விடுதலை, ஐரோப்பியத் தொழிலாளரின் புரட்சிக்கு வால்பிடித்து வரும் விடயம் அல்ல என்று வாதிட்டார். 1923இல் கைதானார், 1940இல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆளுக்கொரு சோசலிசம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்வது எளிது. அதைச் சொன்னதற்காக உயிரையே விலையாகக் கொடுத்தவர்களும் உண்டு என்று தோழிக்குச் சொல்லுங்கள்.

இனி சீனா

மாவோ 1938இல், புலப்படாத பொது மார்க்சியம் என்று ஒன்று இல்லை, தேசிய வடிவம் எடுத்த திட்டவட்டமான மார்க்சியம்தான் உண்டு என்று வாதிட்டார். 1945இல் ஏழாவது கட்சி மாநாடு மாவோ சேதுங் சிந்தனையைக் கட்சி யாப்பில் ஏற்றது. விவசாயிகளை முதன்மைச் சக்தியாக்குவது, கிராமத்திலிருந்து நகரத்தைச் சுற்றிவளைப்பது, அதிகாரம் கைக்கு வந்த பிறகும் வர்க்கப் போராட்டம் தொடரும் என்பது: இவை சீன மண்ணில் பிறந்தவை. ஆனால் 1967இல் நக்சல்பாரிக்குப் போயின, 1980இல் பெருவுக்கு, 1996இல் நேபாளத்துக்கு. உங்கள் மாமாவின் தகரப் பெட்டிக்குள்ளும் வந்து உட்கார்ந்தன. கல்லோயா நீர் பாயும் ஊர் இளைஞர் ஒருவர் மாவோவின் தளமாக இருந்த யெனானில் எழுதப்பட்டதைப் படித்துவிட்டுத் தன் ஊர் வயற்காரரைப் பற்றி யோசித்தார் அல்லவா? தேசிய வகை ஒன்று தனிக் கருத்தியல் ஆவது, அது அந்தத் தேசத்துக்கு மட்டும் உரியதாக இல்லாமல் போகும்போதுதான் என்பது என் நிலைப்பாடு.

இந்தக் கோலை டெங்கின் காலத்துக்கு வைத்துப் பாருங்கள். 1982 செப்டெம்பர் 1 அன்று 12ஆவது மாநாட்டைத் திறந்துவைத்த டெங், மார்க்சியத்தின் பொது உண்மையை நமது நாட்டின் நிலைமையோடு இணைத்து, நமது பாதையில் போய், சீனப் பண்புகளைக் கொண்ட சோசலிசத்தைக் கட்டுவோம் என்ற பொருளில் பேசினார். 1987இல் 13ஆவது மாநாடு ‘சோசலிசத்தின் ஆரம்பக் கட்டம்’ என்ற கோட்பாட்டை விரித்தது. சீனா பின்தங்கிய உற்பத்தியோடு சோசலிசத்துக்குள் நுழைந்தது, ஐம்பதுகளிலிருந்து கணக்கிட்டால் இந்தக் கட்டம் குறைந்தது 100 ஆண்டு நீடிக்கும் என்றது. 1992இல் ‘சோசலிசச் சந்தைப் பொருளாதாரம்’ வந்தது. டெங் கோட்பாடு 1997இலும், ஷி ஜின்பிங் சிந்தனை 2017இலும் கட்சி யாப்பில் ஏறின.

இதில் நீங்கள் கவனிக்கத் தவறிய ஒன்று இருக்கிறது. சீனக் கம்யூனிஸ்ட் கட்சி இதை மார்க்சியத்திலிருந்து பிரிந்த தனிக் கருத்தியல் என்று எங்கும் கோரவில்லை. இதுதான் இன்றைய மார்க்சியம், இதைக் கைவிட்டால் மார்க்சியத்தைக் கைவிட்டதாகும் என்பதே அதன் வாதம். ‘தனித்தது’ என்ற பட்டத்தை ஒட்டுவது வெளியிலிருந்து பார்ப்பவர்கள். பாராட்டுவோரும் ஒட்டுகிறார்கள், பழிப்போரும் ஒட்டுகிறார்கள்.

என் தீர்ப்பைக் கேட்டால், இது மார்க்சிய-லெனினியத்துக்குள் நிற்கும் ஒரு கட்டக் கோட்பாடு, அதோடு சேர்ந்த ஓர் அரச வேலைத்திட்டம். மாவோ சிந்தனை தனி மோடியானதுபோல இது ஆகவில்லை. ‘நான் சீனப் பண்புச் சோசலிசவாதி’ என்று சொல்லிக்கொள்ளும் ஒருவரை மருதமுனையிலோ மணிலாவிலோ தேடிப் பிடிக்க முடியுமா? பெயரே எல்லையைப் போட்டுவிட்டது. எனக்கு எதிராக நீங்கள் வைக்கக்கூடிய நல்ல வாதமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். தமது சுதந்திரத்தைக் காத்துக்கொண்டே விரைவாக வளர விரும்பும் நாடுகளுக்கு இது ஒரு புதிய தெரிவு என்று 2017 மாநாட்டில் ஷி ஜின்பிங் சொன்னார். வியட்நாமின் 1986 ‘தோய் மோய்’ பாதையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு கட்சி ஆட்சியின் கீழ் சந்தை என்பது பல நாட்டுக்கு உரிய ஒரு வகையாக உருவெடுக்கிறது என்று வாதாடலாம். அப்படி வாதாடினால் நான் புள்ளி குறைக்க மாட்டேன்.

மேற்பார்வையாளரின் ‘செங்கொடி போர்த்திய முதலாளித்துவம்’ என்ற கூற்று நடைமுறை பற்றியது. அது உண்மையாகவே இருந்தாலும் உங்கள் கேள்வி சாகாது. சொல்வதையும் செய்வதையும் ஒன்றாக்காத கருத்தியல்கள் உலகில் ஏராளம், அவற்றை எவரும் கருத்தியல் பட்டியலிலிருந்து நீக்குவதில்லை. மாமாவின் ‘திரிபுவாதம்’ வேறு ரகம். ஒன்றைத் திரிபு என்று திட்டுவதென்றால் அது அந்த மரபுக்குள் நிற்கிறது என்று ஒப்புக்கொண்டுதான் திட்ட முடியும். நைரேரேயை எவரும் திரிபுவாதி என்று சொல்வதில்லை அல்லவா? இதை மாமாவிடம் கொஞ்சம் பொறுத்துச் சொல்லுங்கள், சோறு சாப்பிட்ட பிறகு.

இலங்கையின் பெயர்ப்பலகை

உங்கள் இரண்டாவது கேள்விக்கு இல்லை என்பதே பதில். அரசியலமைப்பில் உள்ள பெயரை வைத்து இலங்கைக்கு ஒரு தேசிய வகை மார்க்சியம் உண்டு என்று எழுதினால், வாய்மொழிப் பரீட்சையில் முதல் அடி அங்கேதான் விழும்.

வரலாறு இங்கே வேடிக்கையானது. 1972 அரசியலமைப்பை வரையும் பொறுப்பில் இருந்தவர் லங்கா சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா, முழு மார்க்சியவாதி. அதன் கொள்கைப் பகுதியில் சோசலிச சனநாயகம் நோக்கமாகப் பேசப்பட்டது, ஆனால் நாட்டின் பெயர் வெறும் ‘இலங்கைக் குடியரசு’. ‘சனநாயக சோசலிச’ என்பதைப் பெயரில் சேர்த்தது 1978இல் ஜே.ஆர். ஜயவர்தனவின் ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம். பொருளாதாரத்தைத் திறந்துவிட்டு, அதே ஆண்டில் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயத்தையும் தொடங்கிய அரசாங்கம். சனநாயக சோசலிச சமுதாயத்தை அமைக்க அரசு உறுதிபூண்டிருப்பதாக உறுப்புரை 27(2) இன்றும் சொல்கிறது. அந்தக் காலத்தில் அந்தச் சொல்லுக்குச் சந்தையில் நல்ல விலை இருந்தது, அவ்வளவுதான். நம் பக்கமும் விலக்கல்ல. 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானம் கேட்ட தமிழீழமும் மதச்சார்பற்ற, சோசலிச அரசுதான். அதை நிறைவேற்றிய தமிழர் விடுதலைக் கூட்டணியை மார்க்சியக் கட்சி என்று அதன் பரம எதிரியும் சொல்ல மாட்டார்.

இலங்கையில் மார்க்சியக் கட்சிகளுக்குப் பஞ்சமில்லை. சமசமாஜக் கட்சி 1935இலிருந்து இருக்கிறது. 1964இல் சிறிமாவோவின் அரசாங்கத்தில் சேர்ந்ததற்காக ட்ரொட்ஸ்கியவாதிகளின் சர்வதேச அமைப்பான நான்காம் அகிலம் அதை வெளியேற்றியது. 1965இல் ரோகண விஜேவீர தொடங்கிய மக்கள் விடுதலை முன்னணியின் தலைவர் 2024 செப்டெம்பரில் ஜனாதிபதியாகவே ஆகிவிட்டார். கட்சிகள் இருந்தன, பதவிகள் இருந்தன, இரண்டு பெரிய கிளர்ச்சிகளும் இரத்தமும் இருந்தன. வேறு நாட்டுக்காரர் எடுத்துக்கொள்ளத்தக்க ஓர் இலங்கைக் கோட்பாடு மட்டும் வரவில்லை என்பது என் கணிப்பு.

அப்படி ஒன்று வந்திருந்தால் அதன் ஒரு கால் நம் வயலில் ஊன்றியிருக்கும். பெருநிலக்காரரான போடியார் குடும்பத்துக்கு நிலம் எப்படி வந்தது, அந்த வயலில் வேலை செய்யும் முல்லைக்காரனுக்கு விளைச்சலில் என்ன பங்கு, தாய்வழிக் குடியும் கோயில் உரிமையும் நிலவுடைமையோடு எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதை வர்க்கம் என்ற ஒரு சொல்லால் மட்டும் அவிழ்க்க முடியாது. பிலிப் குணவர்தன 1958இல் கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் குத்தகை விவசாயிக்குப் பாதுகாப்பையும் குத்தகைக்கு வரம்பையும் தர முயன்றது. மறு ஆண்டே அவர் அமைச்சரவையை விட்டுப் போக வேண்டியதாயிற்று. அந்தச் சட்டம் மட்டக்களப்பு, அம்பாறை வயல்களில் என்ன ஆனது என்பது அருமையான ஆய்வுப் பொருள். ஆனால் அது வேறு ஆய்வேடு. இந்த ஆய்வேட்டுக்குள் அதைத் திணிக்க வேண்டாம்.

வழக்கும் பென்சில் வரியும்

பேச்சுச் சுதந்திரத்தைத் தரும் உறுப்புரை 14(1)(அ)வைக் கடிதத்தில் காட்டியிருக்கிறீர்கள். அடிப்படை உரிமை மீறலுக்கு உறுப்புரை 126இன் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போக வேண்டும் என்பதையும் சரியாகவே அறிந்து வைத்திருக்கிறீர்கள். ஆனால் ஆய்வுத் தலைப்பின் தகுதி பற்றி மேற்பார்வையாளர் சொல்லும் கல்விசார் அபிப்பிராயம் உங்கள் பேச்சைத் தடுப்பதாகாது. இதே விடயத்தை நாளைக்கே நீங்கள் கட்டுரையாக எழுதி வெளியிடலாம், எவரும் மறிக்கப் போவதில்லை. உங்கள் இனத்தையோ சமயத்தையோ காரணமாகக் காட்டி மறுத்திருந்தால், அல்லது ஒரே மாதிரியான தலைப்பை மற்றவருக்குக் கொடுத்து உங்களுக்கு மட்டும் மறுத்திருந்தால், சமத்துவம் பற்றிய உறுப்புரை 12 பேசப்படலாம். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. வழக்கை மறந்துவிடுங்கள்.

அவர் உங்கள் முன்மொழிவை நிராகரிக்கவும் இல்லை. யோசியுங்கள் என்றார், ஓரத்தில் ஒரு கேள்வி எழுதினார். அந்தப் பென்சில் வரியை நீங்கள் அவமதிப்பாக எடுத்துக்கொண்டீர்கள். எனக்கோ உங்கள் முன்மொழிவிலேயே ஆகச் சிறந்த வரி அதுதான் என்று படுகிறது, குறை நினைக்காதீர்கள். அதற்கு ஒன்றரைப் பக்கத்தில் பதில் எழுதி, அளவுகோலை முன்வைத்து, நேரம் கேட்டுப் போய்ப் பாருங்கள். பேசி முடிந்ததும் எதில் உடன்பட்டீர்கள் என்பதைச் சுருக்கமாக மின்னஞ்சலில் அனுப்பிவையுங்கள். பின்னால் சிக்கல் வந்தால் அதுவே உங்களுக்குப் பாதுகாப்பு.

அதற்குப் பிறகும் அவர் மறுத்தால், மேற்பார்வையாளரை மாற்றித் தரும்படி துறைத் தலைவரிடம் எழுத்தில் கேட்கலாம். பீடத்தின் ஆய்வேட்டு விதிகளை முதலில் வாங்கிப் படியுங்கள், என்ன கால எல்லைக்குள் மாற்றலாம் என்பது அதில் இருக்கும். ஆபத்தும் உண்டு: சிறிய துறையில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள், மாறிப் போகும் இடத்திலும் இதே கேள்விதான் காத்திருக்கும். முறைப்பாட்டை, நடைமுறை மீறப்பட்டால் மட்டும் கையில் எடுங்கள்.

பிரதேச சபைத் தேர்தலுக்குத் தாவுவது பற்றிக் கேட்டீர்கள். அது இழிவான தலைப்பு அல்ல, எளிதும் அல்ல. தோற்றுப்போன மனதோடு எடுத்தால் அதையும் கெடுத்துவிடுவீர்கள்.

மாமாவிடம் புத்தகம் கேட்பதோடு நிற்க வேண்டாம்

மாமாவின் கோபத்துக்கு ஒரு வரலாறு உண்டு. பீக்கிங் சார்புக் கட்சியின் தலைவர் என். சண்முகதாசன் மாவோவுக்குப் பின் சீனா போன வழியை ஏற்கவில்லை, வெளிப்படையாகவே எதிர்த்தார். மாவோவைப் படித்து வளர்ந்த ஒரு தலைமுறைக்கு எழுபதுகளின் இறுதி, காலுக்குக் கீழே நிலம் நகர்ந்த காலம். அதை அனுபவித்த ஒருவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். அவரோடு வாதாடுவதை நிறுத்திவிட்டு நேர்காணல் எடுங்கள். எந்த ஆண்டு, எந்தச் செய்தியைப் படித்தபோது நம்பிக்கை உடைந்தது, கூட இருந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். சீனச் சிந்தனை ஒன்று கிழக்கிலங்கை வரை வந்தது, அடுத்தது வரவில்லை என்ற என் வாதத்தை உறுதிப்படுத்தவோ உடைக்கவோ அது நேர்ச் சான்றாகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம் பக்கத்தில் பழைய அரசியலைப் பற்றி வாய் திறப்பது சிறு விடயம் அல்ல. ஒரு பெயரைச் சொன்னதற்காக ஆட்கள் காணாமற்போன காலங்களைத் தாண்டி வந்தவர்கள் நாம். மாமாவின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள், அவர் குறிப்பிடும் மற்றவர்களின் பெயர்களை மாற்றுங்கள், ஒலிப்பதிவை எவருக்கும் அனுப்ப வேண்டாம். இறந்துவிட்டவர்கள்தானே என்று நினைக்காதீர்கள், அவர்களின் பிள்ளைகள் அதே தெருவில் இருப்பார்கள்.

கடைசியாக, தலைப்பு. இப்போது இருப்பது ஒரு கலாநிதிப் பட்டத்துக்கே பெரியது. சீனாவையும் யூகோஸ்லாவியாவையும் தன்சானியாவையும் இலங்கையையும் ஒரே ஆய்வேட்டில் அடைக்கப் பார்க்கிறீர்கள். ‘1982 முதல் 1992 வரையான சீனக் கம்யூனிஸ்ட் கட்சி மாநாட்டு ஆவணங்களில் சோசலிசத்தின் ஆரம்பக் கட்டம் என்ற கருத்து: மார்க்சிய மரபுக்குள் அதன் இடம்’ என்று சுருக்குங்கள். மூன்று மாநாடுகள், மூன்று அறிக்கைகள். மூன்றும் ஆங்கில மொழிபெயர்ப்பில் கிடைக்கின்றன. யூகோஸ்லாவியாவை ஒப்பீட்டுக்காக ஓர் இயலில் வையுங்கள், மாமாவின் நேர்காணலைப் பின்னிணைப்பாகச் சேருங்கள், தன்சானியாவையும் இலங்கையையும் முன்னுரையில் ஆளுக்கொரு பந்தியோடு விடுங்கள். நெற்காணிச் சட்டத்தை முதுமாணிப் பட்டத்துக்கு எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மாவட்டச் செயலகத்திலும் கமநல சேவை நிலையங்களிலும் பழைய கோப்புகளைத் தேட வேண்டியிருக்கும். கடிதத்தோடு அனுமதி கேட்டுப் போனால், எது எஞ்சியிருக்கிறது என்பதையாவது இப்போதே அறிந்து வைக்கலாம்.